வலது பக்கத்து விளக்கு

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் கார் பரீட்சையில் தோற்றது. பிரேக் பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஹாரன் அடிக்கச் சொன்னார்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. இடது பக்கம் சிக்னல் போடச் சொன்னார்கள், டிக் டிக் என்று விட்டு விட்டு அழகாக எரிந்தது. வலது பக்கம் போட்டபோது பின்விளக்கு மட்டும் எரிந்து, எரிந்தபடியே நின்றது. முன்னால் இருந்த மஞ்சள் விளக்கு எரியவே இல்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், இன்னொரு தடவை போடச் சொன்னார், பிறகு கையிலிருந்த காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார்.

இத்தனை பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது முந்தின வாரத்தோடு முடிந்திருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குச் சரிசெய்து கொண்டுவாருங்கள், அதுவரை ரோட்டில் எடுக்கக்கூடாது, நேரே வீட்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வாய் நீளம். ஒரே ஒரு விளக்குக்காகவா இத்தனையும் என்று கேட்டேன். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று எதிரே வருகிற பஸ்காரனுக்கு எப்படித் தெரியும் சேச்சி என்று அவர் திருப்பிக் கேட்டார்.

என் கணவருக்கு முதுகெலும்பில் புற்று. அந்த மாதம் எறணாகுளத்தில் அவருக்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தார்கள். ரேடியேஷன் என்கிற வார்த்தை மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் யார் வாயிலும் நுழையாது, கரண்ட் வைக்கிறது என்றுதான் சொல்வோம். சனி ஞாயிறு விட்டு மொத்தம் பதினைந்து நாள். ஏழு நாள் முடிந்திருந்தது. நடுவில் நிறுத்தினால் வைத்ததெல்லாம் வீணாகும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்.

அவரால் உட்கார முடியாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் முகம் சாம்பலாகிவிடும். எங்கள் பழைய காரின் பின் சீட் ஒரே பலகையாக, கட்டில் மாதிரி நீளமாக இருக்கும். முழங்காலை மடக்கினால் அவர் அதில் படுத்துக்கொள்ளலாம். பஜாரில் ஒரு அரிசி மொத்த வியாபாரியிடம் முப்பது வருடம் அவர் ஓட்டிய வண்டி அது, அப்போதும் ராத்திரியில் எங்கள் சந்தில்தான் நிற்கும். முதலாளி புது வண்டி வாங்கியபோது பழையதை இவருக்கே கொடுத்துவிட்டார். அதன் ஒவ்வொரு முனகலும் இவருக்குத் தெரியும். எனக்கும் ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் வெலிங்டன் தீவின் காலி ரோடுகளில், திட்டிக்கொண்டே. அந்தத் திட்டெல்லாம் இப்போதுதான் உபயோகமாயிற்று.

திங்கள் மத்தியானம் வாடகைக் கார் பிடித்தேன். புதுக் கார், குளுகுளு என்று ஏசி, ஆனால் பின் சீட் நடுவில் முதுகைக் குத்துகிற மேடு, பெல்ட் மாட்டுகிற கொக்கிகள். தோப்பும்படி பாலம் ஏறும்போதே அவர் என் புடவையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது முந்தானையில் அவர் பல் பட்ட இடம் ஈரமாக இருந்தது. சத்தம் வெளியே வரக்கூடாது என்று அதைக் கடித்துக்கொண்டே வந்திருக்கிறார். அது எட்டாவது நாள்.

செவ்வாய்க்கிழமை அவர் வர மறுத்துவிட்டார். ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதில் ஏறினால் தெருக்காரர்கள் நாளையிலிருந்தே துக்கம் விசாரிக்க வருவார்கள் என்றார். நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"நம்ம வண்டி வந்தா கூப்பிடு. இல்லைன்னா எனக்குக் கரண்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மதியாயி, போதும்."

வண்டி ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியாது. ஆபீஸில் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, வியாழக்கிழமைதான் பார்ப்பார்களாம் என்று பொய் சொல்லி வைத்திருந்தேன். அவர் கையில் அந்த வண்டி ஒருநாளும் பரீட்சையில் தோற்றதில்லை. என் கையில் தோற்றது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் தள்ளலாம், வியாழக்கிழமை கண்டிப்பாக வரவேண்டும் என்றார்கள். அதனால் எல்லாம் அந்த விளக்கில் வந்து நின்றது. வியாழன் காலைக்குள் அது எரியாவிட்டால் இந்த மனிதர் சுவரைப் பார்த்தபடியே இருந்துவிடுவார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

பஜாருக்குப் பின்னால் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற முஸ்லிம் பெரியவர் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் அவர் இக்கா. செவ்வாய் மத்தியானம் கையோடு கூட்டிவந்தேன். சந்து முனையில் மூடிக் கிடந்த ஒரு சரக்குக் கிட்டங்கியின் கூரை இறக்கத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தியிருந்தேன், மழைக்கு அது ஒன்றுதான் மறைவு. அவர் முதலில் பல்பைக் கழற்றிப் பார்த்தார், நல்ல பல்பு. இருந்தும் புதிது போட்டார், எரியவில்லை. விளக்கை விட்டு விட்டு எரியவைக்கிற சின்ன டப்பா ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது, பிளாஷர் என்பார்கள். அதையும் மாற்றினார். அப்போதும் இல்லை. வலது சிக்னலைப் போட்டால், போடாத பார்க்கிங் விளக்கு ஒன்று மின்மினி மாதிரி லேசாக எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற சுவிட்சில் ஒயரும் ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, ஒரு மணிநேரம் தலைகீழாகப் படுத்து அதைப் பிரித்து மாட்டினார். மின்மினி அப்படியே இருந்தது.

கடைசியாக டெஸ்ட் லாம்ப் எடுத்தார். ஒரு முனையில் ஊசியும் மறுமுனையில் கவ்வியும் உள்ள சின்ன விளக்கு அது. கவ்வியை பேட்டரியின் மைனஸில் மாட்டி, ஊசியைப் பல்பு உட்காரும் குழிக்குள் வைத்தால் அது பளிச்சென்று எரிந்தது.

"கரண்டு வருந்நுண்டு சேச்சி," என்றார். "பின்னெ பல்பு எந்தா கத்தாத்தது?"

கரண்ட் வருகிறது, பிறகு பல்பு ஏன் எரியவில்லை என்று அவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்தால் அவரை ஏன் கூப்பிடுகிறேன்? விளக்கிலிருந்து இறங்குகிற கறுப்பு ஒயரைப் பார்க்க பம்பருக்கு அடியில் கையை விட்டவர், சட்டென்று இழுத்துக்கொண்டார். அங்கே நான் கட்டியிருந்த சரம் தொங்கியது.

அந்தச் சரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து வண்டிக்கு முன்னால் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருகிறார் அல்லவா, அதனால் வலது பக்கத்தில்தான். பம்பருக்கு அடியில் ஒரு போல்ட் துருத்திக்கொண்டு நிற்கும், நூல் சுற்ற வாகாக இருக்கும். என் கணவர் சிரிப்பார். இத்தனை பழத்தை ஊறுகாய் போட்டிருந்தால் வீட்டுக்காவது ஆகியிருக்கும் என்பார். ஏழு மாதத்துக்கு முன்னால் அவருக்கு நோய் தெரிந்ததும், அமாவாசை போதாது என்று செவ்வாயும் வெள்ளியும் கட்ட ஆரம்பித்தேன். பழையது இருக்கும்போதே அதன் மேல் புதியது. ஏனென்றால் கட்டிய திருஷ்டியைக் கையால் தொடக்கூடாது. யார் தொடுகிறார்களோ, அந்தக் கண்ணேறு முழுக்க அவர்கள் மேல் ஏறிக்கொள்ளும். தானாக அழுகி விழ வேண்டும், இல்லாவிட்டால் குச்சியால் தள்ளிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். இக்காவுக்கும் தெரிந்திருந்தது. அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் இன்னொருவர் நம்பிக்கையில் கை வைக்கவும் மனசில்லை. ஒயர் கீழே நன்றாகத்தான் போகிறது என்று சொல்லி எழுந்துவிட்டார்.

புதன்கிழமை அவரால் வர முடியாது, தங்கை மகளுக்கு நிக்காஹ். டெஸ்ட் லாம்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது, கரண்ட் வந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போகவும் வழி வேண்டும், அதையும் பாருங்கள் என்றார். அப்போது எனக்கு அது ஏதோ ஆறுதல் வார்த்தை மாதிரி கேட்டது.

புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. கிட்டங்கியில் சுக்குத் தரம் பிரிப்பது என் வேலை, இருபத்திரண்டு வருடமாக அதுதான். மழை விடாமல் பெய்தது. கஞ்சியும் மாத்திரையும் கொடுத்து அவரைத் தூங்கவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டெஸ்ட் லாம்போடு வண்டிக்கு வந்தேன். டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து ஸ்குரூ டிரைவர் தேடினேன். உள்ளே துடைக்கிற துணி, பழைய பல்பு இரண்டு, பிளாஸ்டிக் உறையில் மடித்த உப்புத்தாள் ஒன்று, ஒரு வாசலின் டப்பா. இந்த மனிதர் வண்டியில் உட்கார்ந்து உதட்டுக்கு வாசலின் பூசிக்கொண்டாரா என்று நினைத்தபோது, அத்தனை கலவரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இக்கா செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்தேன். பல்பைக் கழற்றி மாட்டினேன். பிளாஷரைத் தட்டிப் பார்த்தேன். சுவிட்சை இடதும் வலதுமாக ஐம்பது தடவை ஆட்டினேன். மத்தியானம் ஆயிற்று, மூன்று மணி ஆயிற்று. வண்டியின் மூக்குக்கு முன்னால் ஈரத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அழுதேன். அந்த வழியாகச் சுமை இறக்கப் போன இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு பார்க்காதது போலப் போனார்கள். நாளைக் காலைக்கு இன்னும் எத்தனை மணிநேரம் என்று விரல் விட்டு எண்ணினேன். நான் ஏன் இந்த வேலையெல்லாம் கற்றுக்கொள்ளவில்லை, அவர் நன்றாக இருந்தபோது ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்தேனா என்று என் மேலேயே எரிச்சல் பொங்கியது. கடவுளைத் திட்டினேன். அவரையும் திட்டினேன், இப்படிப் போய் நோயில் விழுந்ததற்கு.

திட்டி முடித்த பிறகு மறுபடியும் டெஸ்ட் லாம்பை எடுத்தேன். கவ்வியை பேட்டரிக்குக் கொண்டுபோக எழுந்திருக்கச் சோம்பல். பக்கத்தில் தெரிந்த இரும்பில், அந்த விளக்கின் கூட்டிலேயே மாட்டிவிட்டு ஊசியைக் குழிக்குள் வைத்தேன். டெஸ்ட் லாம்ப் எரியவில்லை. ஊசி நழுவிவிட்டது என்று நினைத்துத் திரும்ப வைத்தேன். இல்லை. எழுந்துபோய் கவ்வியை பேட்டரியில் மாட்டினேன், எரிந்தது. மறுபடி விளக்குக் கூட்டில் மாட்டினேன், எரியவில்லை. அப்போதுதான் இக்கா சொன்னது மண்டையில் ஏறியது. கரண்ட் வருகிறது. திரும்பிப் போகத்தான் வழியில்லை.

திரும்பிப் போகிற வழி அந்தக் கறுப்பு ஒயர். சுக்கு பிரிக்கிறவர்களுக்குக் கண்ணைவிட விரல்தான் கண். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே பூச்சி அரித்திருக்கும், தோலைத் தடவினால் நறநறவென்று விரல் சொல்லிவிடும். ஒயரை விளக்கிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே கீழே இறங்கினேன். வழவழவென்றுதான் இருந்தது. பம்பருக்கு அடியில் போயிற்று. அழுகின எலுமிச்சம்பழத்தின் வாடை அடித்தது. ஒயர் என் சரத்துக்குள் நுழைந்து மறைந்தது. என் விரல் அங்கே நின்றுவிட்டது.

ஒரு குச்சி தேடினேன். குச்சியால் தள்ளினால் மேலே இருந்த இரண்டு பழம் விழுந்தது, மீதி போல்ட்டோடு சேர்ந்து களிம்பாக இறுகியிருந்தது. ஏழு மாதத்துக் கண்ணேறு முழுக்க அதில் இருக்கிறது என்று நம்புகிறவள் நான். பிறகு, வந்தால் எனக்கு வரட்டும், அந்த மனிதருக்கு ஏற்கனவே வந்தது போதும் என்று தோன்றியது. கையை விட்டேன். கொழகொழவென்று பழமும் மிளகாயும் நூலும் கையோடு வந்தது. அதற்கு அடியில் போல்ட் இருந்தது, அதில்தான் கறுப்பு ஒயரின் முனை மாட்டியிருந்தது. தொட்டதும் விரல் சொல்லிவிட்டது. நறநறவென்று, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, இரும்பு எது, ஒயர் எது என்று தெரியாதபடி அரித்துக் கிடந்தது.

நான் கட்டிய பழத்தின் சாறு சொட்டிச் சொட்டி அரித்தது. யாரைக் காப்பாற்றக் கட்டினேனோ அவர் போகிற வழியை என் கையாலேயே அடைத்திருக்கிறேன்.

ஆனால் அழ நேரமில்லை, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். டேஷ்போர்டில் பார்த்த உப்புத்தாள் நினைவு வந்தது. எடுத்துப் பிரித்தேன். ஏற்கனவே நிறைய உபயோகித்த தாள், நடுவில் பச்சைக் கறையோடு ஒரு வட்டம் தேய்ந்திருந்தது. போல்ட்டைக் கழற்றி, ஒயர் முனையையும் இரும்பையும் பளபளவென்று தெரிகிற வரைக்கும் உரசினேன். தாளில் தேய்ந்திருந்த வட்டம் அந்த போல்ட்டுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது. அப்போது அதை யோசிக்கத் தோன்றவில்லை. முறுக்கி மாட்டிவிட்டு உள்ளே போய் வலது சிக்னலைப் போட்டேன்.

டிக் டிக் டிக் என்றது. ஓடிவந்து முன்னால் பார்த்தேன். மழையில் அந்த மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

வியாழக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் இடது போடச் சொன்னார், வலது போடச் சொன்னார், தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். என்ன கேடு என்று விசாரித்தார். துரு என்றேன். மீதியைச் சொல்ல வெட்கம். பத்தரைக்கெல்லாம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தேன். அவர் கட்டிலில் படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார். சட்டை எடுத்துத் தா என்று கையைக் காட்டினார். பக்கத்து வீட்டுச் சேச்சியும் நானுமாகப் பின் சீட்டில் படுக்கவைத்தோம்.

சந்தை விட்டு வலது பக்கம் திரும்பச் சிக்னலைப் போட்டேன். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உப்புத்தாளின் வட்டம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. பாலம் தாண்டும் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"டேஷ்ல அந்த உப்புத்தாள் எதுக்கு வச்சிருந்தீங்க?"

பின்னாலிருந்து லேசாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்டுபிடிச்சிட்டியா என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார், மூச்சு வாங்கி வாங்கி. முதலாளியிடம் ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு தடவை இந்த விளக்கு நின்றுபோயிருக்கிறது. அன்றைக்கே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது, நான் கட்டிய சரத்தை அவிழ்த்து, போல்ட்டை உரசி, வாசலின் தடவி, சரத்தை அதே இடத்தில் அதே முடிச்சோடு திரும்பக் கட்டிவிடுவாராம். படுக்கையில் விழுந்த பிறகுதான் முடியவில்லை. நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை.

இடது சிக்னலைப் போட்டு ரோட்டோரமாக வண்டியை நிறுத்தினேன்.

"தொடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அத்தனையும் உங்க மேலதானே ஏறியிருக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கட்டாமலே இருந்திருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லலை," என்றார். "அது முன்னால தொங்கினா எனக்கு ஒரு தைரியம். உன்கிட்ட ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"நீ கெட்டினதைத்தானடி தொட்டேன். அதுல எனக்கு என்ன கேடு வரப்போவுது?"

இடது சிக்னல் அடித்துக்கொண்டே இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, வலது சிக்னலுக்கு மாற்றி ரோட்டில் ஏறினேன். அன்றைக்கு வைத்தது ஒன்பதாவது கரண்ட்.

அடுத்த வாரம் அமாவாசை வந்தது. சரம் கட்டினேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அவரைப் பின் சீட்டில் படுக்கவைத்துவிட்டு, வண்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, வெறுங்கையால் சரத்தை அவிழ்த்தேன். போல்ட்டை உரசி, வாசலின் தடவி, திரும்பக் கட்டினேன். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டு வலது சிக்னலைப் போட்டுவிட்டு முன்னால் வந்து நின்றேன்.

"எரியுதா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"எரியுது," என்றேன்.